கண்ணு தெளியலன்னு சொட்டு மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்க வீட்டுக்காரருக்கு 54 வயசு, ரப்பர் பால் வெட்டு வேலை. கண்ணுல பிரஷர், கிளாக்கோமான்னு சொல்லி காலைலயும் சாயங்காலமும் டைமோலால், ராத்திரி லாட்டனோபிராஸ்ட்னு ரெண்டு சொட்டு மருந்து குடுத்தாங்க. மூணு மாசமாச்சு, பார்வை ஒண்ணும் தெளியல்லன்னு, பாட்டில் தீர்ந்தா அடுத்து நாகர்கோவில் போவும்போ வாங்கலாம்னு விட்டுருக்காரு. இப்போ தோட்டத்துல மேடு ஏறினா இழுப்பு வேற, முன்னாடியே ஆஸ்துமா உண்டு. என்ன செய்யணும்?
- ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: கடைசில சொன்னீங்க பாருங்க, அதைத்தான் முதல்ல பாக்கணும். டைமோலால் கண்ணுல ஊத்தினாலும் மூக்கு வழியா இறங்கி ரத்தத்துல கலந்துரும், மூச்சுக்குழாயைச் சுருக்கும், நாடியையும் குறைக்கும், ஆஸ்துமாக்காரங்களுக்கு அது ஆகாது. இழுப்பு இருக்குன்னு கண் டாக்டர்கிட்ட சொன்னீங்களா? கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்னு பலரும் சொல்றதே இல்ல. அடுத்த சொட்டு ஊத்துறதுக்கு முன்னாடி டாக்டருக்கு போன் போடுங்க, மாத்திக் குடுக்க வேற மருந்து இருக்கு. மூச்சு ரொம்ப முட்டினா போன்லாம் வேண்டாம், நேரா பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

அடுத்து, பார்வை தெளியல்லங்கறது. தெளியாதுங்க, இது அதுக்கான மருந்தே இல்ல. பிரஷரைக் குறைச்சு, மிச்சமிருக்கிற பார்வையைக் காப்பாத்தத்தான். ரப்பர் மரத்துல வெட்டின பட்டை திரும்ப வளரும், கண் நரம்பு அழிஞ்சா வளராது, அதுவும் ஓரத்துப் பார்வைல இருந்து சத்தமில்லாம போகும், வலியும் இருக்காது, அதனாலதான் ஒண்ணும் இல்லன்னு அவருக்குத் தோணுது. டாக்டர் தொடரச் சொல்ற மருந்து பாட்டில்ல கொஞ்சம் இருக்கும்போதே அடுத்தது வாங்கி வச்சிருங்க.

விடியக்காலம் பால் வெட்டப் போறவரு சீக்கிரம் தூங்கிருவாரு, லாட்டனோபிராஸ்ட்டை ராத்திரி சாப்பாட்டோட சேத்து வச்சுக்கோங்க, தினம் அதே நேரம். மறந்துட்டா மறுநாள் டபுளா ஊத்தாதீங்க, ஒருநாளைக்கு ஒருவாட்டிக்கு மேல போட்டா பலனே குறையும். கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு, பாட்டில் முனை கண்ணுல படக்கூடாது, அப்புறம் கண்ணை மூடி மூக்கோரத்து மூலையை ரெண்டு நிமிஷம் அமுக்கிப் பிடிக்கணும், மருந்து தொண்டைக்கு இறங்குறது குறையும். ரெண்டு மருந்துன்னா நடுவுல அஞ்சு நிமிஷம் விடணும். கண்ணு லேசா சிவக்கும், இமைமயிர் நீளும், பயப்பட வேண்டாம், ஆனா சிவப்பு கூடினாலோ வலிச்சாலோ காட்டுங்க.

இது குடும்பத்துல வர்ற சீக்கு, அவரோட அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிங்களையும் கண் பிரஷர் பாத்துக்கச் சொல்லுங்க. திறக்காத லாட்டனோபிராஸ்ட் பாட்டில பிரிட்ஜ்ல வைக்கச் சொல்லியிருந்தா கதவுப் பக்கம் வைங்க, மீன் வைக்கிற ஃப்ரீசர்ல இல்ல.