பழைய நிரல், புதிய கணினி: கேள்வி பதில்

வடசென்னைக் கடைகளின் கணினிகளோடு நெடுநாள் பழகியவன் நான். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி (எம்.சி. ரோடு, ஜவுளிக்கடை): ஐயா, டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) காலத்தில் ஃபாக்ஸ்புரோ மொழியில் எழுதிய பில் நிரல் புதுக் கணினியில் திறக்கவில்லை. குப்பை, தூக்கிப் போடுங்கள் என்கிறார் கணினி விற்றவர்.

பதில்: போடாதீர்கள். டாஸ் நிரல்களைத் தாங்கும் பகுதி 64 பிட் விண்டோஸில் கிடையாது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில்தான். உங்கள் நிரல்மீது குற்றமில்லை. உங்கள் பில் விவரங்கள் இருக்கும் டிபிஎஃப் கோப்புகளை முதலில் பிரதி எடுங்கள்; லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருள் அவற்றைத் திறக்கும். பழைய பில்களைப் பார்க்க, புதுக் கணினிக்குள் டாஸ் போலவே இயங்கும் டாஸ்பாக்ஸ் உதவும்.

கேள்வி (ராயபுரம், அச்சகம்): விபி6-ல் (விஷுவல் பேசிக் 6) எழுதிய ரசீது நிரல் இன்றும் ஓடுகிறது. ஆனால் யூனிகோடில் பெயரை ஒட்டினால் வெறும் கேள்விக்குறிகள்தான் வருகின்றன. ஏன்?

பதில்: எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வி இது. விண்டோஸ் தன் செயற்கூறுகள் (நிரல்கள் வேலை வாங்க அழைக்கும் கட்டளைகள்) பலவற்றை இரட்டையாக வைத்திருக்கிறது. ஒரு சிறு செய்தியைக் காட்டுவதற்குக்கூட மெசேஜ்பாக்ஸ்ஏ, மெசேஜ்பாக்ஸ்டபிள்யூ என்று இரண்டு உண்டு. முன்னது, எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் தனித்தனிப் பட்டியல்களைக் கொண்ட பழைய கோட்பேஜ் முறை; பின்னது, எல்லா மொழி எழுத்துகளுக்கும் ஒரே பட்டியலான யூனிகோடு. விபி6-ன் எழுத்துப் பெட்டிகள் முன்னதன் வழியே போகின்றன. அந்த வழியில் பயன்படுத்தத் தமிழுக்கென்று விண்டோஸில் கோட்பேஜ் இல்லை. ‘க’ உட்கார இடமில்லாமல் கேள்விக்குறி ஆகிறது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் வரைந்த எழுத்துருக்களோடு நாம் அத்தனை ஆண்டுகள் அல்லாடியதும் இதனால்தான். முழு நிரலையும் மாற்ற வேண்டாம். பெயர் உள்ளிடும் பெட்டிகளை மட்டும் யூனிகோடு தாங்கும் பெட்டிகளாக மாற்றச் சொல்லுங்கள். பழைய பெயர்களை எழுத்துரு மாற்றியில் போட்டு, ‘ணை’, ‘ஸ்ரீ’ வரும் வரிகளைக் கண்ணால் சரிபாருங்கள்.

கேள்வி (வியாசர்பாடி, மாணவர்): அண்ணா, நான் வின்32 படிக்கவா, புதிய வின்யூஐ படிக்கவா?

பதில்: தம்பி, 2012-ல் வின்ஆர்டி, 2015-ல் யூடபிள்யூபி, 2021-ல் வின்யூஐ 3 என்று விண்டோஸ் நிரல் எழுதப் புதிய இடைமுகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 1993-ல் என்டி 3.1-உடன் வந்த வின்32 இன்னும் அடியில் நிற்கிறது. அதன் அடிப்படையைப் படித்துவிட்டு, புதியதில் எழுதுங்கள். ஆனால் கணக்குப் போடும் பகுதியையும் திரையில் காட்டும் சாளரப் பகுதியையும் கலக்காதீர்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, ஒரு கடையின் நிரலில் வரி விகிதம் ஒவ்வொரு பட்டனுக்குள்ளும் புதைந்து கிடந்தது. இரண்டு இரவுகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினேன்.