தனிப் பந்தி – கடிதமும் பதிலும்

ஐயா,

ஸ்தோத்திரம். அப்பா இறந்தபின் சொத்தைப் பிரித்தபோது அண்ணன் என்னிடம் சிலவற்றை மறைத்துவிட்டார். ஒன்பது வருடமாகிறது. போதகர் சொல்லி, முழங்கால்படியிட்டு ஜெபித்து அவரை மன்னித்தேன். போன வருடம் அவர் மருத்துவமனையில் கிடந்தபோது இரவெல்லாம் கூட இருந்தது நான்தான். ஆனால் அம்மா வீட்டில் அவர் எதிரே உட்கார்ந்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை, எழுந்து போய்விடுகிறேன். அப்படியென்றால் நான் மன்னித்தது பொய்யா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

பொய்யில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் யோசேப்பு வீட்டுச் சாப்பாடுதான் நினைவுக்கு வந்தது. வேதத்தில் ஆதியாகமம் 43-ஆம் அதிகாரம். யோசேப்பு இப்போது எகிப்தில் பெரிய அதிகாரி. தன்னை 20 வெள்ளிக்காசுக்கு விற்ற அண்ணன்மார் பஞ்சத்தில் தானியம் வாங்க இரண்டாம் முறையாக வந்து நிற்கிறார்கள். இவன் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. தம்பி பென்யமீனைப் பார்த்ததும் தாங்கமுடியாமல் அறைக்குள் போய் அழுகிறான். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, சாப்பாடு வைக்கச் சொல்கிறான். அவனுக்குத் தனியாக, அவர்களுக்குத் தனியாக வைக்கிறார்கள். எபிரெயரோடு எகிப்தியர் சாப்பிடமாட்டார்கள் என்று வேதமே காரணம் சொல்கிறது. சரி, வழக்கம்தான். ஆனாலும் அன்றைக்கு அந்த வழக்கம் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

இத்தனைக்கும், முந்தின பயணத்திலேயே அவர்கள் சாக்குகளில் தானியத்தை நிரப்பி, கொடுத்த பணத்தையும் உள்ளே வைத்து அனுப்பியவன் அவன். (அண்ணன்மாரில் ஒருவனான சிமியோனைப் பிடித்துவைத்துக்கொண்டான் என்பதும் உண்மை.) பசிக்குக் கொடுக்கத் தாமதிக்காதவன், 'நான் யோசேப்பு' என்று சொல்ல மட்டும் தாமதித்தான். பென்யமீன் மேல் திருட்டுப் பழி விழும்படி அவன் சாக்கில் தன் வெள்ளிக் கோப்பையை வைக்கச் சொல்லி, இந்தத் தம்பியையும் விட்டுவிட்டுப் போகிறார்களா என்று பார்த்தான். அன்று யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே அண்ணன் யூதா, இவனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்று கெஞ்சியபோதுதான் யோசேப்பு உடைந்துபோனான். நீங்கள் மருத்துவமனையில் கண்விழித்தது தானியம் கொடுத்த மாதிரி. ஒரே பந்தியில் உட்கார யூதா வாயைத் திறக்க வேண்டும். உங்கள் அண்ணன் இன்னும் திறக்கவில்லை போலிருக்கிறது.

'அன்பு திரளான பாவங்களை மூடும்' என்று பேதுரு எழுதியதைச் சொல்லிச் சொல்லியே பல குடும்பங்களில் பத்திரத்தையும் மூடிவைத்துவிடுகிறார்கள். அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று வரி வசூலிப்பவனான சகேயு சொன்னபோது, அதெல்லாம் வேண்டாம், விடு என்று இயேசு சொல்லவில்லை. கணக்கைக் கேளுங்கள். கேட்டால் மன்னிப்பு ரத்தாகிவிடாது.

அப்புறம், அந்தக் கதையில் எனக்கு அதிகம் வலிப்பது கடைசிப் பகுதிதான். தகப்பன் யாக்கோபு எகிப்தில் 17 வருடம் வாழ்ந்து இறந்துபோகிறார். அத்தனை வருடமும் யோசேப்பின் தயவில் சாப்பிட்ட அண்ணன்மார், அப்பா போனதும் பயந்து, 'எங்களை மன்னிக்கும்படி அப்பா சொல்லச் சொன்னார்' என்று ஆள் அனுப்புகிறார்கள். யாக்கோபு அப்படிச் சொன்னதாக வேறெங்கும் இல்லை. அவர்களே கட்டியதாகத்தான் இருக்கும். யோசேப்பு அதைக் கேட்டு அழுதான். தான் எப்போதோ மன்னித்துவிட்டதை அவர்கள் இன்னும் நம்பவே இல்லையே!

உங்கள் அண்ணனுக்கும் நீங்கள் எதிரே இருக்கும்போது சாப்பாடு இறங்குகிறதா, கவனித்திருக்கிறீர்களா? அடுத்த முறை எழுந்து போகத் தோன்றினால் தாராளமாகப் போங்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, கொஞ்சம் தள்ளியே உட்காருங்கள்.