புள்ளியை எண்ணும் முன் மூச்சை எண்ணுங்கள்

உப்புநீர்த் தொட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புதிய டாங் மீனைத் தனித்தொட்டியில் விட்டு மூன்று நாளாகிறது. உடம்பில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள்தான் தெரிகின்றன. ஆனால் இரை எடுக்கவில்லை. பவர்ஹெட்டிலிருந்து (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) தண்ணீர் பாயும் இடத்திலேயே நின்று வேகமாக மூச்சு வாங்குகிறது. விளக்கைப் போட்டால் மூலைக்கு ஓடுகிறது. இது இக் என்ற வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணி நோய்தானே? காப்பர் (தாமிர) மருந்தின் அளவைத் தண்ணீரில் மெதுவாக ஏற்றலாமா?

பதில்: நாலைந்து புள்ளிகள்தான் என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். உங்கள் கடிதத்தில் கவனிக்க வேண்டியது மூச்சுதான். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, செவுள் மூடி நிமிடத்துக்கு எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது எந்தப் புள்ளியையும்விட அதிகம் சொல்லும்.

மருந்துக்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள். அமோனியா இருந்தாலும் மீன் இப்படித்தான் மூச்சு வாங்கும். புதிதாக அமைத்த தனித்தொட்டியில் மூன்றாம் நாள் அது ஏறுவது வழக்கம். அளவு பூஜ்ஜியத்தைத் தாண்டியிருந்தால், உப்புச் செறிவும் வெப்பமும் பொருந்திய புதிய தண்ணீரால் பாதியை மாற்றுங்கள். மூச்சு அடங்கினால் காரணம் தெரிந்துவிட்டது.

தண்ணீர் சரியாக இருந்தால் அறையை இருட்டாக்கி, டார்ச்சை மீனின் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பாருங்கள். இக் என்றால் உப்புப் பரல் ஒட்டியதுபோல, எண்ணக்கூடிய புள்ளிகள் தெரியும். அந்த மீன் பெரும்பாலும் இரையும் எடுக்கும். வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய் என்றால் மாவு தூவியதுபோல் எண்ண முடியாத பொடி படிந்திருக்கும். வெல்வெட் முதலில் செவுளைப் பிடிப்பதால், தோலில் பொடி தெரிவதற்கு முன்பே மீன் செத்துப்போவதும் உண்டு. வேக மூச்சு, நீரோட்டத்தை எதிர்த்து நிற்பது, வெளிச்சத்துக்கு அஞ்சுவது, இரையை ஒதுக்குவது ஆகிய நான்கும் சேர்ந்திருப்பதால் உங்கள் மீனுக்கு வெல்வெட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இக்கை வெல்வெட் என்று தவறாக நினைத்தால் பெரிய நஷ்டமில்லை, மருந்து ஒன்றுதான். வெல்வெட்டை இக் என்று நினைத்து ஒரு வாரம் எடுத்துக் காப்பரை ஏற்றினால் மீன் மிஞ்சாது. ஒரே ஒட்டுண்ணி பிளந்து 256 குஞ்சுகள் வரை நீந்தி வரும். ஒரு சுற்று முடிய ஒரு வாரம்கூட ஆகாது.

ஆகவே இன்றே நன்னீர்க் குளியல் கொடுங்கள். குளியலிலிருந்து மீனைப் பழைய தண்ணீருக்குத் திருப்பாமல் வேறு சுத்தமான தொட்டியில் விட்டு, காப்பரை ஒரு நாளுக்குள் முழு அளவுக்கு ஏற்றுங்கள். காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன்கள் இரண்டு ஓடட்டும்.

கேள்வி: நன்னீர்க் குளியலை எப்படிக் கொடுப்பது? போனமுறை மீன் பக்கவாட்டில் சாய்ந்ததும் பயந்து எடுத்துவிட்டேன்.

பதில்: ஆர்ஓ தண்ணீர் அல்லது குளோரின் நீக்கிய தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, ஹீட்டர் போட்டுத் தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு பிஹெச் அளவைத் தொட்டியோடு பொருத்துங்கள். பிறகு அரைமணி நேரம் காற்று ஓட வேண்டும். குளியல்கள் கெடுவது பெரும்பாலும் உப்பில்லாததால் அல்ல. பிஹெச் பொருந்தாததாலும் காற்று போதாததாலும்தான்.

நேரம் ஐந்து நிமிடம். முதல் நிமிடத்தில் மீன் துள்ளும், பிறகு சாய்ந்து கிடக்கும். செவுள் ஆடிக்கொண்டிருந்தால் கவலையில்லை. செவுள் நின்றாலோ, விரலால் தொட்டும் அசைவில்லாமல் போனாலோ உடனே எடுத்துவிடுங்கள். வாளியின் அடி கறுப்பாக இருக்கட்டும். எள்ளைப் போன்ற வெண்ணிறத் தட்டைகள் உதிர்ந்து கிடந்தால் அவை தோல் புழுக்கள். நோய் எது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் குளியல் இக்கைக் குணமாக்காது, அது தோலுக்கு அடியில் புதைந்திருக்கும். வெல்வெட்டுக்கும் இது மூச்சுவிட அவகாசம் தருவதோடு சரி.

கேள்வி: இக்குக்குக் காப்பர் போட்டு ஆறு நாளாகிறது. பாட்டிலில் உள்ளபடி 40 லிட்டருக்கு அளந்து போட்டேன். சோதித்தால் ஒரு நாள் 1.2 பிபிஎம் (லிட்டருக்கு மி.கி.), மறுநாள் 0.9 என்று இறங்குகிறது. தொட்டி 50 செ.மீ. நீளம், 30 அகலம், 27 உயரம்; தண்ணீர் 23 செ.மீ. நிற்கிறது. ஒரு பாறைத் துண்டும் கொஞ்சம் பவளமணலும் போட்டிருக்கிறேன். புள்ளிகள் மறைந்துவிட்டதால் நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தக் கூடாது. இக் ஒட்டுண்ணி மீன்மேல் மூன்று முதல் ஏழு நாள் இருந்து கொழுத்து, தானாகவே உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டிக்கொள்ளும். புள்ளி மறைந்தது உங்கள் காப்பரால் இருக்காது. கூட்டிலிருந்து குஞ்சுகள் வெளிவந்து மீனைத் தேடி நீந்தும் அந்தச் சில மணி நேரத்தில்தான் காப்பர் கொல்லும். தோலுக்கு அடியில் இருப்பதையோ கூட்டுக்குள் இருப்பதையோ அது தொடாது. கூடுகள் எல்லாம் ஒரே நாளில் வெடிப்பதும் இல்லை. அதனால்தான் அளவு குறையாமல் 30 நாள். இடையில் ஒரு நாள் இறங்கினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்; உங்களுக்கு நாள் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை.

அளவு இறங்கக் காரணம் பாறையும் மணலும். சுண்ணாம்புச் சத்துள்ள எதுவும் காப்பரை உறிஞ்சும். இரண்டையும் எடுத்துவிட்டு, மீன் ஒளிய பிவிசி குழாய்த் துண்டுகளைப் போடுங்கள். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாவுக்குப் பாறை வேண்டியதில்லை. நோயில்லாத தொட்டியின் சம்பில் (வடிகட்டிகள் வைக்கும் துணைத்தொட்டி) சில வாரம் ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். ஃபில்டரில் கார்பன் இருந்தால் அதையும் எடுங்கள்.

அடுத்தது கொள்ளளவு. 40 லிட்டர் என்பது விளிம்புவரை நிரப்பினால் வரும் கணக்கு. உங்கள் தொட்டியில் இருப்பது 34.5 லிட்டர்தான். இந்த முறை பாறை காப்பரைக் குடித்ததால் பிழை வெளியே தெரியவில்லை. பாறையை எடுத்தபின் இதே கணக்கில் போட்டால் அளவு மீறும்.

இனி முக்கியமான கேள்வி: உங்களுடையது எந்தக் காப்பர்? சோதனையில் செலேட்டட் காப்பர் (வேறொரு சேர்மத்தோடு பிணைத்தது) 2.0 முதல் 2.5 பிபிஎம் காட்ட வேண்டும். அயனிக் காப்பர் (அப்படிப் பிணைக்காதது) 0.5 பிபிஎம். இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்தப் பொழுதுபோக்கிலேயே விலை கூடிய தவறு. செலேட்டடை 0.5-இல் வைத்தவர் ஒரு மாதம் சிகிச்சையே செய்யவில்லை, அயனிக்கை 2.0-க்கு ஏற்றியவர் மீனைத் தானே கொன்றார். சோதனைக் கருவியும் உங்கள் வகைக்குப் பொருந்த வேண்டும். செலேட்டடுக்கு ஹன்னாவின் எச்ஐ702 போன்ற ஹை ரேஞ்ச் டிஜிட்டல் செக்கர் நல்லது. நிற அட்டையோடு ஒப்பிடும் கிட்டில் 1.5-க்கும் 2-க்கும் வித்தியாசம் தெரிவது கடினம்.

உங்களுடையது செலேட்டட் என்றால், இப்போதுள்ள 0.9-லிருந்து மூன்று நாலு நாளில் 2.0-க்கு ஏற்றுங்கள். மீன் இரையை ஒதுக்கினால் அந்த அளவிலேயே ஒரு நாள் நிறுத்தி, இரை எடுத்தபின் தொடருங்கள். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக வெறும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் போதும், காப்பர் ஆவியாவதில்லை. தண்ணீர் மாற்றும்போது மட்டும் புதிய உப்புநீரில் அதே அளவு காப்பரை முன்பே கலந்துவிடுங்கள். அமோனியா ஏறினால் தண்ணீர் மாற்றுவதே வழி. அமோனியாவைக் கட்டும் கண்டிஷனரைக் காப்பர் தண்ணீரில் ஊற்றாதீர்கள். அது காப்பரை இன்னும் நச்சான வடிவத்துக்கு மாற்றிவிடக்கூடும்.

கேள்வி: மாண்டரின் மீனுக்குக் காப்பர் ஆகாது என்கிறார்கள். இக் வந்தால் என்ன செய்வது?

பதில்: தொட்டி மாற்றும் முறை. 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, முழுக்கக் காய்ந்த வேறு தொட்டியில் புதிய உப்புநீர் நிரப்பி மீனை மாற்றுங்கள். மொத்தம் நான்கு மாற்றங்கள். உதிர்ந்த ஒட்டுண்ணி கூடு வெடித்து வெளிவருவதற்குள் மீன் இடம் மாறியிருக்கும். வலை, குழாய், ஏர் ஸ்டோன் எதையும் ஈரத்தோடு கொண்டுபோகக் கூடாது. வெல்வெட்டுக்கு இந்த முறையை நம்ப முடியாது.

கேள்வி: க்ளவுன் மீனின் உடம்பில் வெள்ளைச் சளி திட்டுத் திட்டாக உரிகிறது. காப்பர் முழு அளவில் இருந்தும் ஒரே நாளில் மோசமாகிவிட்டது.

பதில்: இது புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி நோய். காப்பருக்கு அசையாது, ஃபார்மலின் வேண்டும். தனி வாளியில் தொட்டியின் உப்புநீரையே எடுத்து, லிட்டருக்கு 0.15 மி.லி. வீதம் 37 சதவீத ஃபார்மலின் கலந்து, பலமாகக் காற்று விட்டு 45 நிமிடம் மீனை வையுங்கள். பத்து லிட்டர் வாளிக்கு 1.5 மி.லி.; சிரிஞ்சால் அளக்கவும். மீன் தத்தளித்தால் நேரத்தைப் பார்க்காமல் எடுத்துவிடுங்கள். குளித்த மீன் காப்பர் இல்லாத, சுத்தமான வேறு தொட்டிக்குப் போக வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முறை.

புட்டியின் அடியில் வெள்ளை வண்டல் இருந்தால் அந்த ஃபார்மலினைத் தொடாதீர்கள், அது மீனுக்குக் கொடிய நஞ்சு. தெளிந்த ஃபார்மலினும் உங்களுக்கு நல்லதல்ல, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கையுறை, கண்ணாடி, திறந்த சன்னல் இல்லாமல் மூடியைத் திறக்க வேண்டாம்.

கேள்வி: ஏஞ்சல் மீனுக்கு இரண்டு கண்ணும் மங்கிவிட்டன. தலையை உதறுகிறது, குழாயில் உரசுகிறது. ஆன்டிபயாட்டிக் போடலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். ஒரு கண் மட்டும் மங்கினால் பெரும்பாலும் அடிபட்டதாக இருக்கும். இரண்டும் மங்கி உதறலும் உரசலும் சேர்ந்தால் முதலில் தோல் புழுவைச் சந்தேகியுங்கள். மேலே சொன்ன ஐந்து நிமிடக் குளியல் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

மருந்து பிராசிகுவான்டல், லிட்டருக்கு 2.5 மி.கி.; 40 லிட்டருக்கு 100 மி.கி. தூள் தண்ணீரில் எளிதில் கரையாது. கொஞ்சம் எத்தனாலில் குழைத்துத் தொட்டித் தண்ணீரில் கலக்கி ஊற்றுங்கள். தண்ணீர் கலங்கி ஆக்சிஜன் குறையலாம் என்பதால் காற்றைக் கூட்டுங்கள். முட்டையை இந்த மருந்து கொல்லாது. முட்டைகள் இழைபோன்ற வாலால் ஸ்பாஞ்சிலும் வலையிலும் சிக்கிக்கொண்டு, பிறகு பொரிக்கும். ஆகவே ஏழு நாளுக்குள் கால் பங்கு தண்ணீரை மாற்றி இரண்டாம் தவணை போடுங்கள். முதல் தவணையில் மீன் தெளிந்துவிட்டதே என்று இரண்டாவதை விட்டுவிடுபவர்களுக்குத்தான் புழு திரும்பி வருகிறது.

கேள்வி: துடுப்பின் ஓரத்தில் காலிஃபிளவர்போல் வெள்ளைக் கட்டி. மீன் நன்றாகச் சாப்பிடுகிறது.

பதில்: லிம்ஃபோசிஸ்டிஸ். வைரஸ், மருந்தில்லை, தேவையும் இல்லை. நல்ல இரையும் அமைதியும் கொடுத்தால் வாரக்கணக்கில் தானே உதிரும். வெட்டாதீர்கள்.

கேள்வி: பெரிய தொட்டியில் இக் வந்ததால் எல்லா மீன்களையும் தனித்தொட்டிக்கு மாற்றிவிட்டேன். பவளமும் இறாலும் மட்டும் இருக்கின்றன. எத்தனை நாள் மீனில்லாமல் விட வேண்டும்?

பதில்: 76 நாள். 72 நாள் கழித்து வெடித்த கூடுகள் பதிவாகியிருப்பதால் வந்த கணக்கு இது. இறாலையும் பவளத்தையும் இக் தாக்காது. ஆனால் ஓட்டிலும் பாறையிலும் கூடு ஒட்டியிருக்கலாம். இடையில் புதிய நத்தை ஒன்றை விட்டாலோ, தனித்தொட்டியின் ஈர வலையை இதில் நனைத்தாலோ, அன்றே முதல் நாள்.