எந்தத் திறப்பில்? பழைய கார்புரேட்டர் கேள்வி பதில்

பழைய ஸ்லைடு கார்புரேட்டர் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் இந்தக் கருவியில், ஆக்சிலேட்டரைத் திருகத் திருக ஸ்லைடு என்ற அடைப்பான் மேலே ஏறி வழி திறக்கும். கேட்கும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்: ஆக்சிலேட்டரை எவ்வளவு திருகினால் கோளாறு வருகிறது? "மிஸ் அடிக்குது" என்று மொட்டையாகச் சொன்னால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: அண்ணா, நாலு ஸ்ட்ரோக் பைக். ஐடிலிங் நல்லா நிக்குது. முழுசாத் திருகினாலும் நல்லா இழுக்குது. கால் திறப்புல மட்டும் திணறி, கறுப்பாப் புகையுது. பைலட் ஜெட், மெயின் ஜெட் ரெண்டும் புதுசு போட்டாச்சு.

பதில்: திறப்பைச் சொல்லிவிட்டீர்கள், அதற்காகவே விரிவாக எழுதுகிறேன். பெட்ரோலை அளந்து விடும் ஓட்டையுள்ள சின்னத் துண்டுதான் ஜெட். எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை பைலட் ஜெட்டும், ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்குருவும் பார்த்துக்கொள்ளும். அங்கிருந்து கால் வரை ஸ்லைடின் அடியில் இருக்கும் சரிவு வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை, ஸ்லைடில் தொங்கும் கூம்பு ஊசியான நீடிலும் அது நுழையும் நீடில் ஜெட்டும். மெயின் ஜெட்டுக்கு அதற்கு மேல்தான் வேலை. எல்லைகள் கொஞ்சம் முன்பின் கலக்கும். ஆனாலும் நீங்கள் மாற்றிய இரண்டுமே குற்றமற்றவை.

என் சந்தேகம் நீடில் ஜெட் மேல். வண்டி ஓடும்போது நீடில் அதிர்ந்து அதிர்ந்து பித்தளை ஓட்டையைத் தேய்த்துவிடும். கண்ணால் பார்த்தால் புதுசு போலத்தான் இருக்கும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஜெட் ஓட்டை 2.60 மி.மீ., கால் திறப்பில் அதற்குள் நிற்கும் நீடிலின் தடிமன் 2.50 என்று வைத்துக்கொள்வோம். ஓட்டை 2.63 ஆகத் தேய்ந்தால், பெட்ரோல் வரும் இடைவெளியின் பரப்பு சுமார் 30 சதவீதம் கூடிவிடும். ஸ்லைடு மேலே ஏறி, நீடிலின் 2.20 மி.மீ. மெலிந்த பகுதி வந்ததும் அதே தேய்மானம் 8 சதவீதம்தான். அதனால்தான் கீழே புகைகிறது, மேலே இழுக்கிறது.

முதலில், நீடிலை ஸ்லைடில் தாங்கும் கிளிப்பை ஒரு காடி மேலே போடுங்கள். நீடில் இறங்கும், பெட்ரோல் குறையும். கால் திறப்பு சரியாகி, பாதித் திறப்பு வறண்டு போனால் தேய்மானம் ஏறக்குறைய உறுதி. நீடில், ஜெட் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். கைப்பிடியிலும் அதன் கூட்டிலும் டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டால் நல்லது. கை சொல்லும் "பாதி" பெரும்பாலும் பாதியாக இருப்பதில்லை.

கேள்வி: சார், நல்ல மைலேஜ் கிடைக்க எந்த நம்பர் மெயின் ஜெட்?

பதில்: வண்டி செய்தவர்கள் போட்ட நம்பர்.

கேள்வி: பைலட் ஜெட் அடைச்சிருக்கு. தையல் ஊசியால குத்தலாமா?

பதில்: கூடாது. ஓட்டை விட்டத்தை நூறில் ஒரு மி.மீ. கணக்கில் எண்ணாகப் பொறித்த ஜெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 100 என்றால் 1.00 மி.மீ. குத்திக் குத்தி 1.10 ஆக்கினால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். மேலே 100 என்று பொய் எழுதிய 110 ஜெட் அது. பைலட் ஜெட்டின் ஓட்டை இன்னும் சின்னது, கெடுதல் இன்னும் பெரியது. கிளீனரில் ஊறப் போட்டு, காற்றடித்து, வெளிச்சத்தில் பாருங்கள். பிரஷ்ஷின் நைலான் இழை ஒன்றை விடலாம். ஊசி, கம்பி வேண்டாம்.

கேள்வி: கார்புலேர்ந்து பெட்ரோல் ஒழுகுது. ஃப்ளோட் நீடில் மாத்தியும் நிக்கல.

பதில்: கார்பின் கப்பில் மிதந்து பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே சலசலத்தால் அது ஓட்டை. வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். உள்ளிருக்கும் பெட்ரோல் முழுக்கப் போகாமல் ஈயம் வைக்காதீர்கள், வெடிக்கும். ஃப்ளோட் நன்றாக இருந்தால் நீடில் உட்காரும் சீட்டையும், பிறகு உயரத்தையும் பாருங்கள். கேஸ்கெட்டைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். நீடிலின் ஸ்பிரிங் முனையை ஃப்ளோட் தொட மட்டும் வேண்டும், அமுக்கக் கூடாது.

கேள்வி: மிக்சர் ஸ்குருவை வெளியே திருப்பினா ரிச்சா (பெட்ரோல் கூடுமா), லீனா (குறையுமா)?

பதில்: ரிச், பெரும்பாலும்.

கேள்வி: மன்னிக்கணும், தப்பு. வெளியே வந்தா லீன். முப்பது வருஷமா இப்படித்தான் செட் பண்றேன்.

கேள்வி: அவர் சொல்றது தப்பு. என் வண்டியில வெளியே வந்தா புகையுது.

கேள்வி: எஸ்யூங்கிற இன்னொரு வகை கார்புல அந்த ஸ்குருவே கிடையாது. எதைத் திருப்பச் சொல்றீங்க?

பதில்: அவசரத்தில் ஒரு வரி எழுதியது என் தப்பு. ஸ்லைடுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஸ்குரு இருந்தால் அது பெட்ரோலை அளக்கிறது: வெளியே வந்தால் ரிச். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது: வெளியே வந்தால் லீன். பழைய எஸ்யூவில் ஜெட்டுக்கு அடியில் ஒரு நட்டு இருக்கும். அதை இறக்கினால் ஜெட்டும் இறங்கி ரிச் ஆகும்.

கேள்வி: என்னுது ஃபில்டர் பக்கம்தான். அப்போ நான் சொன்னது சரிதானே?

பதில்: உங்கள் வண்டிக்குச் சரி. அவர் வண்டிக்கு அவர் சரி. உண்மையில் ட்யூன் செய்ய இந்தச் சண்டையே தேவையில்லை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஸ்குருவைக் கால் சுற்றாகத் திருப்புங்கள், ஒவ்வொரு முறையும் சில வினாடி பொறுங்கள். ஐடிலிங் எங்கே அதிகமாக ஏறுகிறதோ அங்கே நிறுத்தி, ஸ்லைடைத் தாங்கும் ஸ்குருவால் ஐடிலிங்கைக் குறையுங்கள். எத்தனை சுற்று என்று எண்ண ஸ்குருவை உள்ளே மூடும்போது மென்மையாக மூடுங்கள். இறுக்கினால் கூர்முனை ஒடிந்து கார்பின் உடலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், பிறகு கார்பே போச்சு.

கேள்வி: ரெண்டரைச் சுற்றுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

பதில்: அது தொடங்கும் இடம். மேலே படியுங்கள்.

கேள்வி: அண்ணே, வண்டி மிஸ் அடிக்குது. என்ன மாத்தலாம்?

பதில்: எந்தத் திறப்பில்?

கேள்வி: டூ ஸ்ட்ரோக். சத்தத்துக்காக ஏர் ஃபில்டரைக் கழட்டிட்டேன். பிளக் வெள்ளையா இருக்கு, ஆனா பறக்குது.

பதில்: அந்தப் பறப்பை இன்றைக்கே நிறுத்துங்கள். காற்று கூடி, பெட்ரோல் குறைந்துவிட்டது. ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் உள்ளே போகிறது. லீனாக முழு வேகத்தில் ஓட்டினால் சூடும் ஏறும், வழவழப்பும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஃபில்டரைத் திரும்பப் போட்ட பிறகு பேசலாம்.

கேள்வி: இன்ஜெக்‌ஷன் வண்டியில ஐடிலிங் ஏறி இறங்குது.

பதில்: என் துறை இல்லை.

கேள்வி: ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் உடனே இறங்கல, மெதுவாத்தான் இறங்குது. கேபிள் ஃப்ரீயா இருக்கு. பைலட் ஜெட்டைக் கம்பியால சுத்தம் பண்ணிட்டேன்.

பதில்: கம்பி. சரி, அந்த ஜெட்டை மாற்றிவிடுங்கள். ஆனால் இந்தக் கோளாறு எங்கேயோ காற்று புகுவது போல இருக்கிறது. இன்டேக் ரப்பரை வளைத்து வெடிப்பு தேடுங்கள். பிறகு இன்ஜினோடு சேரும் கார்பின் முகம், அதாவது ஃபிளேஞ்ச்: இரண்டு நட்டையும் பலம்கொண்டு முறுக்கினால் முகம் வளைந்துவிடும், பழைய ஆமல் கம்பெனி கார்புகளில் இது ரொம்ப சகஜம். நேரான ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். கண்ணாடித் தட்டில் மெல்லிய எமரித் தாள் விரித்துத் தேய்த்துச் சமப்படுத்தலாம். சூடான இன்ஜின் மேல் ஸ்பிரே அடித்து லீக் தேடாதீர்கள், தீப்பிடிக்கும்.

கேள்வி: ஆறு மாசம் நின்ன வண்டி. கப்புக்குள்ள வெள்ளைப் பொடி, பச்சைக் கறை.

பதில்: எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீர் பிரிந்து கப்பின் அடியில் தங்கி உலோகத்தை அரிக்கும். ரப்பரை எல்லாம் கழற்றிவிட்டு, ஒலி அதிர்வால் அழுக்கெடுக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடுங்கள். ஓரிங்குகளை விட்டான் என்னும், பெட்ரோலைத் தாங்கும் ரப்பர் வகையாக மாற்றுங்கள். அடுத்த முறை நிறுத்தும்போது கப்பை வடித்துவிடுங்கள்.

கேள்வி: கார்பை மூணு தடவை பிரிச்சு மாட்டிட்டேன். பத்து நிமிஷம் ஓடி நின்னுடுது. ஆறினா மறுபடி ஸ்டார்ட் ஆகுது. எந்தத் திறப்பா இருந்தாலும் அப்படித்தான்.

பதில்: அப்படியானால் கார்பை நாலாவது தடவை தொடாதீர்கள். நின்றவுடன் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுத்து, வண்டி கிளம்பினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. கிளம்பாவிட்டால் அப்போதே, இன்ஜின் ஆறும் முன், டேங்கை மூடிவிட்டுப் பெட்ரோல் வாடையில்லாத இடத்தில் பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பாருங்கள். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் சூடானதும் விட்டுப்போவதாக இருக்கலாம். மூடியின் துளையில் மட்டும் கம்பி விடலாம்.