காபி கசக்கிறதா? தூளைக் குறைக்காதீர்கள்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்: வீட்டில் போடும் காபி கசக்கிறது. நான்கைந்தைச் சேர்த்தே பார்த்துவிடலாம்.

கசக்கிறதே என்று தூளைக் குறைத்தேன். முன்பைவிட அதிகமாகக் கசக்கிறது. எப்படி?

அப்படித்தான் ஆகும். காபித்தூளில் தண்ணீரில் கரையக்கூடியது சுமார் 30 சதவீதம். தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை இறங்கினால் நாக்குக்கு நன்றாக இருக்கும். அதற்கு மேல் இறங்குவதில் கசப்பும் துவர்ப்பும்தான் மிச்சம். நீங்கள் தூளைக் குறைத்தீர்கள், தண்ணீரைக் குறைக்கவில்லை. அத்தனை தண்ணீரும் அந்தக் கொஞ்சத் தூளையே அலசு அலசென்று அலசி, அடிமட்டம் வரை எடுத்துவிடுகிறது. காபி நீர்த்தும் போகிறது, கசக்கவும் செய்கிறது.

250 மில்லி தண்ணீருக்கு 15 கிராம் தூள் என்று தொடங்குங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம், சின்னத் தராசு ஒன்று இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். குடிக்கும்போது கடுமையாகத் தெரிந்தால், இறக்கிய காபியில் வெந்நீர் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் தூளைத் தொடவே இல்லை, அதனால் கசப்பைக் கொண்டுவராது.

பிரெஞ்சு பிரஸ்ஸில் (தூளை வெந்நீரில் ஊறவைத்து, சல்லடைக் குமிழால் அழுத்தி வடிக்கும் குடுவை) முதல் கப் அருமை. இரண்டாவது கப்பை வாயில் வைக்க முடியவில்லை.

குமிழை அழுத்தியதோடு வேலை முடிந்துவிடாது. தூள் அடியில் தண்ணீரோடுதான் கிடக்கிறது, இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. 4 நிமிடம் ஆனதும் மொத்தத்தையும் ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிடுங்கள். தூளும் ரவை போலக் கொரகொரப்பாக இருக்க வேண்டும்.

மோக்கா பாட் (அடுப்பில் வைத்தால் கீழ்க்கலத்துத் தண்ணீர் தூள் வழியாக மேலேறிக் காபியாகும் பாத்திரம்) காபியில் எப்போதும் கருகல் வாடை.

கீழ்க்கலத்தில் பச்சைத் தண்ணீரா ஊற்றுகிறீர்கள்? அது கொதிப்பதற்குள் மேலே இருக்கும் தூள் சூட்டில் வெந்துவிடும். வெந்நீராகவே ஊற்றி, தூளை அழுத்தாமல் நிரவி, சிறு தீயில் வையுங்கள். மூடியைத் திறந்து வைத்துக் கவனியுங்கள். முதலில் அடர்பழுப்பாக, தேன் வழிவதுபோல் அமைதியாக வரும். பிறகு நிறம் வெளுக்கும், 'கடகட'வென்று இரைந்து தெறிக்கும். அந்தச் சத்தம் வருவதற்குச் சற்று முன்பே அடுப்பிலிருந்து எடுத்து, அடிப்பாகத்தை ஈரத்துணியில் வையுங்கள். கடைசியாக வரும் அந்த ஒரு வாய்தான் மொத்தத்தையும் கெடுக்கிறது.

கசப்புக்குக் காரணம் கஃபீன் என்று, கஃபீன் நீக்கிய டிகாஃப் காபி வாங்கினேன். அதுவும் கசக்கிறதே?

கசப்பில் கஃபீனின் பங்கு 15 சதவீதம்தான் என்று மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஹோஃப்மன் 2007-இல் சொன்னார். மீதிக்கு வறுப்புதான் பொறுப்பு. கொட்டையில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலம் வறுக்கும்போது லாக்டோன்கள் என்ற சேர்மங்களாக மாறுகிறது, அது இதமான கசப்பு. இன்னும் கருக வறுத்தால் அவை ஃபினைல் இண்டேன்களாகின்றன, தொண்டையில் நின்று இழுக்கும் கசப்பு அது. ஆகவே டிகாஃபைத் தேடுவதைவிட நடுத்தர வறுப்பைத் தேடுங்கள். கருவறுப்புதான் பிடிக்கும் என்றால் தண்ணீரைக் கொதி அடங்கி ஓரிரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள்.

ஒரே கப்பில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வருமா?

வரும். பிளேடு கிரைண்டரில் அரைத்தால் பாதி மாவாகவும் பாதி நொய்யாகவும் விழும். மாவு அதிகமாக இறங்கிக் கசக்கும், நொய் சரியாக இறங்காமல் புளிக்கும். விட்டு விட்டு அரைத்து, டீ வடிகட்டியில் சலித்து மாவைத் தட்டிவிடுங்கள்.

கிரைண்டரையே ஒருமுறை முகர்ந்தும் பாருங்கள். ஒரு வாரம் தூள், தண்ணீர், சூடு எல்லாவற்றையும் மாற்றி மாற்றி நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால், என் கிரைண்டர் மூடியின் உள்விளிம்பில் பழைய காபி எண்ணெய் பிசுபிசுவென்று படிந்து சிக்கு வாடை அடித்தது. சோப்பு போட்டுக் கழுவியதும் சரியாகிவிட்டது.

உப்பு போட்டால் கசப்பு போகுமாமே?

போகாது, அமுங்கும். சோடியம் நாக்கில் கசப்பைத் தெரியவிடாமல் செய்யும். போட்டுவிட்ட காபியைக் கொட்ட மனமில்லாதபோது விரல்நுனியில் ஒட்டும் அளவு போடலாம். உப்புக் கரிப்பது தெரிந்தால் அளவு கூடிவிட்டது, அப்புறம் கொட்டத்தான் வேண்டும்.