திங்கக்கிழமை காலையில ஒரு மீன் (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: வணக்கம் அண்ணே. நாங்க கேமரன் மலையில ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருக்கோம். தீவாளிக்கு மகனுக்கு ஈப்போவுல இருந்து ரெண்டடி தொட்டி, பன்னெண்டு நியோன் டெட்ரா மீனு, ரெண்டு ஏஞ்சல் மீனு வாங்கிக் கொடுத்தோம். ஹீட்டரெல்லாம் வேணாம்னு கடையில சொன்னாங்க, அப்புறம் மழை பிடிச்சதும் மீனெல்லாம் மூலையில ஒதுங்கிருச்சு, சரின்னு 50 வாட் ஹீட்டர் ஒன்னு வாங்கிப் போட்டேன், சிவப்பு லைட்டு ராப்பகலா எரியுது ஆனா தெர்மாமீட்டர் 22-ஐ தாண்டல. ஞாயித்துக்கிழமை பாதித் தண்ணி மாத்துவேன், திங்கக்கிழமை காலையில ஒன்னு செத்துக் கிடக்கும். இப்ப ஏஞ்சல் மேல உப்புத் தூவுன மாதிரி வெள்ளைப் புள்ளி. மகன் தினமும் மீனை எண்ணிட்டுதான் ஸ்கூலுக்குப் போறான். என்ன செய்யட்டும்? (வாசகி, ரிங்லெட்)

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த ஞாயித்துக்கிழமையைப் பாப்போம், ஏன்னா மீனைக் கொல்றது அதுதான். மழைக்காலத்துல உங்க ஊர்ல குழாத்தண்ணி 18 டிகிரி பக்கம்தான் வரும், தொட்டியில இருக்கிறது 22, பாதியை எடுத்துட்டு பச்சைத்தண்ணியை ஊத்துனா ஒரே நிமிஷத்துல 20-க்கு இறங்கிடும், டெட்ரா மாதிரி சின்ன உடம்பு அதைத் தாங்காது. இனிமே பாதி வேணாம், கால்வாசி போதும். ஒரு வாளியில ஒம்போது லிட்டர் குழாத்தண்ணி, அதுல கெத்தல்ல கொதிச்ச தண்ணி ஒரு லிட்டர் கலந்தீங்கன்னா சரியா 26 கிட்ட வரும். குளோரினைப் போக்குற மருந்தை அந்த வாளியிலேயே போட்டு, தெர்மாமீட்டரை வச்சுப் பாத்துட்டு, தொட்டியில இருக்கிற சூட்டுக்கு ஒத்து வந்த பிறகு மெதுவா ஊத்துங்க. கொதிதண்ணியை மட்டும் நேரா தொட்டியில ஊத்திடாதீங்க.

ஈப்போ கடைக்காரர் பொய் சொல்லல, மலைக்குக் கீழ ஈப்போவுலயும் தாப்பாவுலயும் தண்ணி சும்மா வச்சாலே 27, 28 இருக்கும், அங்க ஹீட்டருக்கு வேலையே இல்ல. மலை ஏறிட்டா கதை வேற. தானா ராத்தா 1,440 மீட்டர் உயரம், ராத்திரி 15, 16-க்குப் போகும், ரிங்லெட் கொஞ்சம் கீழ இருந்தாலும் விடியக்காலையில அந்தக் குளிர் உங்களுக்கே தெரியும். அமேசான் ஆத்து மீனுக்கு அதெல்லாம் தெரியாது, அதுக்கு 24-ல இருந்து 26 வேணும், குளிர்ந்தா இரை செரிக்காது, உடம்புல எதிர்ப்பு குறையும்.

ஹீட்டர் லைட்டு அணையவே மாட்டேங்குதுன்னா அதால முடியலன்னு அர்த்தம். ரெண்டடி தொட்டின்னா 55 லிட்டர், வீட்டுக்குள்ள 17 இருக்கும்போது 26-க்கு ஏத்தணும்னா 100 வாட் வேணும். அதுக்காக 100 வாட் வாங்காதீங்க, இன்னொரு 50 வாட் வாங்கி ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொன்னு போடுங்க. ஒன்னு கெட்டாலும் இன்னொன்னு தாங்கும், ஒன்னு அணையாம மாட்டிக்கிட்டாலும் 50 வாட்டால மீன் வெந்து போகாது. ஃபில்டர் தண்ணி பாயுற இடத்துக்குப் பக்கத்துல இருந்தா சூடு தொட்டி முழுக்கப் பரவும்.

மூடி இருக்கான்னு நீங்க எழுதல. தண்ணி ஆவியாப் போகும்போதுதான் சூடு அதிகமா போகுது, அதனால ஒரு கண்ணாடித் தகடு வெட்டி மேல வைங்க. அப்புறம் பசார்ல மீன்காரர் தூக்கிப் போடுற வெள்ளை ஐஸ் பெட்டி இருக்கு பாருங்க, அதை நல்லா கழுவி, வெட்டி, தொட்டிக்குப் பின்னாடியும் ரெண்டு பக்கமும் ஒட்டுங்க. காசு செலவில்லாம ஹீட்டருக்கு வேலை குறையும், நான் இதை உறுதியா சொல்றேன். ஜன்னலோரம் இருந்தா இடத்தையும் மாத்துங்க.

வெள்ளைப் புள்ளி ஒரு ஒட்டுண்ணி, குளிர்ல அடிபட்ட மீனைத்தான் முதல்ல பிடிக்கும். ஒரே நாள்ல சூட்டை ஏத்தாதீங்க, ஒரு நாளைக்கு ஒன்னு ரெண்டு டிகிரியா 28 வரைக்கும் கொண்டு போங்க, காத்து மோட்டார் ஓடட்டும், சூடான தண்ணியில ஆக்சிஜன் கம்மி. மருந்து புள்ளியைக் கொல்லாது, புள்ளி உதிர்ந்து அதுல இருந்து குஞ்சு தண்ணியில நீந்தும்போதுதான் கொல்லும், அதனால புள்ளி போயிருச்சுன்னு பாதியில நிறுத்திடாதீங்க. டெட்ராவுக்கு பல மருந்துல பாதி அளவுதான், லேபிளைப் பாத்து ஊத்துங்க. இன்னொன்னு, ஏஞ்சல் வளர்ந்தா டெட்ராவை முழுங்கும், அதுக்குள்ள தனித்தொட்டி பாருங்க.

தண்ணி மாத்துறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடியே ஹீட்டர் பிளக்கைக் கழட்டிருங்க. நான் ஒருவாட்டி மறந்துட்டேன், தண்ணி இறங்கி கண்ணாடிக் குழா வெளிய தெரிஞ்சுது, திரும்ப ஊத்துனதும் டப்புன்னு விரிசல் விட்டுருச்சு, உள்ள கரண்டு. நல்லவேளை கையை விடல. உங்க வீட்டுல சின்னப் பையன் இருக்கான், அவன்கிட்டயும் சொல்லி வைங்க.

கேள்வி: அண்ணே, ஹீட்டர் இல்லாம கேமரன்ல வளக்கிற மாதிரி மீன் இருக்கா? (மாணவர், தானா ராத்தா)

பதில்: இருக்கு தம்பி. ஒயிட் கிளவுட்னு ஒரு சின்ன மீன், சீனாவுல குவாங்தோங் மலை ஓடையில பிறந்தது, 16-ல இருந்து 22 வரைக்கும் சந்தோசமா இருக்கும். தங்கமீனும் சரி, ஆனா அது பெருசாகும், நிறைய தண்ணி வேணும். சண்டைமீனை மட்டும் போத்தல்ல வச்சு ஜன்னல்ல வைக்காதீங்க, அது குளிர்ல செத்துரும்.

கேள்வி: இடி மழையில கரண்டு போனா? (வாசகர், பிரிஞ்சாங்)

பதில்: தொட்டியைச் சுத்தி கம்பளியைப் போர்த்துங்க, மேல காத்து போக கொஞ்சம் இடம் விட்டுட்டு. போத்தல்ல சுடுதண்ணி ஊத்தி, இறுக்கி மூடி மிதக்க விடுங்க, ஆறுனதும் மாத்துங்க. பேட்டரி காத்து மோட்டார் ஒன்னு வீட்டுல இருக்கட்டும். கரண்டு வர்ற வரைக்கும் தீனி போடாதீங்க, ஒரு நாள் பட்டினி கிடந்தா மீனுக்கு ஒன்னும் ஆகாது.