ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் நிறுவனம் ஏன் மூடப்பட்டது?

புகழ்பெற்ற குழுக்களை வைத்திருந்தும் ஃபேக்டரி ஏன் திவாலானது என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டோனி வில்சனும் ஆலன் எராஸ்மஸும் 1978இல் தொடங்கிய இந்தச் சுயேச்சை இசைத்தட்டு நிறுவனம், லாபத்தைக் கலைஞர்களுடன் சரிபாதியாகப் பகிர்ந்ததோடு, பதிவுகளின் உரிமையையும் அவர்களிடமே விட்டுவைத்தது. இசைத்தட்டுகளுக்கு மட்டுமன்றிச் சுவரொட்டிகளுக்கும் அது வரிசை எண் கொடுத்தது. முதலாம் எண்ணே பீட்டர் சாவில் வடிவமைத்த ஒரு சுவரொட்டிக்குத்தான், இசைத்தட்டுக்கு அல்ல. இந்த அழகுணர்வே அதன் உயிர் என்று கருதுகிறேன்.

ஜாய் டிவிஷன், அதன் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980இல் மறைந்தபின் உருவான நியூ ஆர்டர் ஆகிய குழுக்கள் ஈட்டித் தந்த பணத்தில் பெரும்பகுதியை, 1982இல் திறக்கப்பட்ட ஹசியெண்டா நடன அரங்கம் விழுங்கியது. 1990களின் தொடக்கத்தில், ஹேப்பி மண்டேஸ் குழு பார்படோஸ் தீவில் நடத்திய ஒலிப்பதிவின் செலவும் கடனைப் பெருக்கியது.

நிறுவனத்தை வாங்க முன்வந்த லண்டன் ரெக்கார்ட்ஸ், நியூ ஆர்டரின் பழைய பதிவுகள் அந்தக் குழுவுக்கே சொந்தம் என்பதை அறிந்ததும் பின்வாங்கியது. கலைஞர்களுக்கு நியாயம் செய்த அதே ஒப்பந்தமுறை நிறுவனத்துக்கு விற்கத்தக்க சொத்து எதையும் மிச்சம் வைக்காததால், 1992 நவம்பரில் ஃபேக்டரி திவாலானது.